கடல்மல்லையை எந்தப் பெயரில் தேடுவது?

(மாமல்லபுரத்தில் வாசகர்களும் மாணவர்களும் சுற்றுலா வழிகாட்டிகளும் கூடிய கூட்டத்தில், இணையத்தில் தகவல் தேடும் முறைகள் குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று காலையில் வான் இறைக்கல் பக்கம் போயிருந்தேன். ‘வெண்ணெய் உருண்டை’ என்று சொன்ன பிறகுதான் ஆட்டோக்காரருக்குப் புரிந்தது. அங்கே ஒரு வழிகாட்டித் தம்பி, ஒரு குடும்பத்துக்கு அந்தப் பாறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சுமார் 250 டன் எடை, சரிவில் நிற்கிறது, உருளவில்லை. 1908இல் சென்னை ஆளுநர் ஏழு யானைகளைக் கட்டி இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. குடும்பம் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்ததும் நான் அவரிடம், “எந்த ஆளுநர் தம்பி?” என்று கேட்டேன். “ரெண்டு பேர் சொல்றாங்க சார். நெட்ல ஒரு பக்கத்துல ஆர்தர் ஹேவ்லாக்னு இருக்கு. இன்னொரு பக்கத்துல ஆர்தர் லாலின்னு இருக்கு. அதனால நான் பேரைச் சொல்றதில்ல” என்றார்.

தெரியாததைச் சொல்லாமல் விட்ட அந்தத் தம்பியின் நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அவர் அங்கேயே நின்றுவிட வேண்டியதில்லை. அவர் சட்டைப் பையில் இருந்த போனிலேயே, அதே நிழலில் நின்றபடி, இன்னும் ஓர் அடி போயிருக்கலாம். எல்லாரும் போனை எடுங்கள். சேர்ந்தே போய்ப் பார்ப்போம்.

முதலில் அந்த ஆளுநரின் பெயரை ஆங்கிலத்தில் அடித்து, முன்னும் பின்னும் இரட்டை மேற்கோள் குறி போடுங்கள். குறி இல்லாமல் அடித்தால் தேடுபொறி இரண்டு சொற்களையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு, ஏதோ ஒரு ஆர்தரையும் ஏதோ ஒரு ஹேவ்லாக்கையும் சேர்த்துக் கொண்டுவந்து கொட்டும். குறி போட்டுவிட்டால் இந்த இரண்டும் இந்த வரிசையில் ஒட்டி நிற்கும் பக்கம் மட்டும் போதும் என்று உத்தரவிட்டதாக ஆகும். பக்கத்தில் பாறை, யானை என்று சேர்த்துத் தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது, எல்லாம் நம் வெண்ணெய் உருண்டைக் கதைதான். ஒரே வாக்கியத்தைச் சற்று மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பக்கங்கள் நூறு இருந்தாலும் சாட்சி ஒன்றுதான்.

இப்போது அதே பெயரை மேற்கோளில் வைத்து, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறி போட்டு, குறிக்கு ஒட்டினாற்போல் யானை என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அடியுங்கள். இன்னோர் இடைவெளி, இன்னொரு கழித்தல் குறி, மகாபலிபுரம். அதாவது, ‘இந்த மனிதரைக் காட்டு, ஆனால் நம் ஊர்க் கதை இல்லாமல் காட்டு’ என்று கேட்கிறோம். அப்போதுதான் அந்த மனிதர் தம்முடைய சொந்த வரலாற்றோடு வெளியே வருகிறார். ஹேவ்லாக் சென்னை ஆளுநராக இருந்தது 1896 முதல் 1900 வரை. லாலி இருந்தது 1906 முதல் 1911 வரை. 1908இல் ஹேவ்லாக் ஆளுநராக யானை கட்டி இழுத்திருக்க வழியே இல்லை. இவ்வளவும் தெரிந்துகொள்ள நமக்கு ஆனது மூன்று நிமிடம்.

இதனால் லாலி இழுத்தார் என்று ஆகிவிடாது. லாலி என்றால் ஆண்டு பொருந்துகிறது, அவ்வளவுதான். அதை நிறுவ அந்தக் காலத்துச் செய்தித்தாளோ, கடிதமோ, அரசுக் குறிப்போ வேண்டும். அதுவரை ‘என்று ஒரு கதை உண்டு’ என்றே சொல்லுங்கள். ஏழு யானைக் கதை அப்படிச் சொன்னாலும் சுவையாகவே இருக்கும். கேட்கிற குழந்தை நாளைக்கு வேறு எங்காவது தப்பாக எழுதாது.

கழித்தல் குறி இந்த ஊருக்கென்றே செய்துவைத்ததுபோல் இருக்கிறது. மாமல்லபுரம் என்று வெறுமனே அடித்துப் பாருங்கள். கடற்கரை விடுதி, நீச்சல் குளம், ஒருநாள் பேக்கேஜ் டூர், கிழக்குக் கடற்கரைச் சாலை மனை விற்பனை. பல்லவன் எங்கோ கீழே ஒடுங்கிக் கிடக்கிறான். ஓட்டல், ரிசார்ட், டூர் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் கழித்தல் குறி போட்டால் அவன் மெல்ல மேலே எழுந்து வருகிறான். ஆனால் இதை அளவோடு செய்யுங்கள். நல்ல கட்டுரை ஒன்றின் ஓரத்தில் ஓட்டல் விளம்பரம் ஒன்று இருந்தால் அந்தக் கட்டுரையும் சேர்ந்து போய்விடும். களை எடுக்கும்போது பயிரும் கையோடு வரும் என்பது இந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குறிகள் இவ்வளவுதான், கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும். நான் இன்று உங்களிடம் முக்கியமாகப் பேச வந்தது வேறொன்று. எந்தச் சொல்லைத் தேடுவது என்பதுதான் அது.

உங்கள் ஊருக்கு எத்தனை பெயர் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? ஆழ்வாருக்கு இது கடல்மல்லை. பூதத்தாழ்வார் பிறந்த ஊர் என்றும், திருமங்கையாழ்வார் பாடிய ஊர் என்றும் வைணவர்கள் எழுதியதையெல்லாம் இந்தப் பெயரில்தான் தேட வேண்டும். கடற்கரைக் கோயிலில் இருக்கும் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டில் ஆமூர் நாட்டு மாமல்லபுரம் என்று வருகிறது. அதே ஊர் 1788இல் ஆசியாடிக் ரிசர்ச்சஸ் முதல் தொகுதியில் வில்லியம் சேம்பர்ஸ் எழுதிய கட்டுரையில் ‘மாவலிபுரம்’ ஆகிறது. சட்ராஸுக்குச் சில மைல் வடக்கே உள்ள இடம், கடலோடிகள் ‘ஏழு பகோடா’ என்று அழைக்கும் இடம் என்று கட்டுரைத் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். பாபிங்டன் என்பவர் 1830இல் வெளியான தம் கட்டுரையில் ‘மகாமலைப்பூர்’ என்று எழுதினார். (வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை 1822இல் லண்டனில் அச்சிட்டாரே, அவரேதான்.) 1869இல் சென்னையில் கேப்டன் கார் இந்தப் பழைய கட்டுரைகளையெல்லாம் திரட்டி ஒரே நூலாகப் பதிப்பித்தபோது, அதன் தலைப்பில் வைத்தது ஏழு பகோடாவை. 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 249ஆம் எண்ணில் சேர்த்தபோது வைத்துக்கொண்ட பெயர் மகாபலிபுரம்.

மாமல்லபுரம் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுகிறவருக்கு இந்தப் பட்டியலில் பாதிக்குமேல் கிடைக்காது. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க அவருக்கு இருட்டாகத்தான் இருக்கும். ‘ஏழு பகோடா’ என்பதை ஆங்கிலத்தில் மேற்கோள் குறிக்குள் போட்டு, இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்துக்குள் தேடிப் பாருங்கள். கார் பதிப்பித்த நூல் முழுதாக, இலவசமாக, பக்கம் புரட்டிப் படிக்கும்படி வந்து நிற்கும். அதற்குள்ளேயே சேம்பர்ஸும் பாபிங்டனும் இருக்கிறார்கள்.

பல பெயர்களையும் ஒரே தேடலில் சேர்க்க வழி உண்டு. இரண்டு பெயர்களுக்கு நடுவில், ‘அல்லது’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் ஓ, ஆர் ஆகிய இரண்டு எழுத்துகளையும் பெரிய எழுத்தில் அடியுங்கள். சின்ன எழுத்தில் அடித்தால் சாதாரணச் சொல்லாக எடுத்துக்கொண்டு கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பெரிய பாறைச் சிற்பத்துக்கு இது மிகவும் தேவை. அர்ச்சுனன் தபசு என்று எழுதுகிறவர்கள் ஒரு பக்கம். 1914இல் கொலுபியூ என்ற அறிஞர் அது கங்கை இறங்கிவரும் காட்சி என்று சொன்ன பிறகு, பகீரதன் தவம், கங்கையின் வருகை என்று எழுதுகிறவர்கள் இன்னொரு பக்கம். ஒரு பெயரில் தேடினால் ஒரு கட்சியின் வாதம் மட்டுமே காதில் விழும். நடுவில் ‘அல்லது’ போட்டால் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே பந்தியில் உட்காருவார்கள்.

கடற்கரைக் கோயில் கதை இன்னும் சுவையானது. அந்தப் பெயரே பிற்காலத்தில் வந்தது. கல்வெட்டில் க்ஷத்திரியசிம்ம பல்லவேசுவரம், இராஜசிம்ம பல்லவேசுவரம், இரண்டுக்கும் நடுவே பள்ளிகொண்டருளிய தேவர் என்றுதான் இருக்கிறது. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் 1890இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி இணையத்தில் இருக்கிறது. அதற்குள் போய் ‘கடற்கரைக் கோயில்’ என்று தமிழில் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தால் குற்றம் நூலுடையது அல்ல. கல்வெட்டு வைத்த பெயரைச் சொல்லித்தான் கல்வெட்டைக் கூப்பிட வேண்டும்.

சதுரங்கப்பட்டினத்து அன்பர்கள் வந்திருக்கிறீர்கள். உங்கள் ஊரின் டச்சுக் கோட்டையைப் பற்றி வெளிநாட்டு ஆவணங்களில் தேடும்போது சட்ராஸ் என்று தேடுங்கள். செங்கல்பட்டை வெள்ளைக்காரன் ‘சிங்கிள்புட்’ என்று எழுதினான். அந்த எழுத்துக்கூட்டலில் தேடினால்தான் 1879இல் குரோல் எழுதிய மாவட்டக் கையேடு கிடைக்கும். ஏரி, கிராமம், நில வரி என்று அந்தக் காலத்து வாழ்க்கை அதில் விரிகிறது.

மாவட்டப் பெயரிலும் கவனம் வேண்டும். நாம் இன்று உட்கார்ந்திருப்பது செங்கல்பட்டு மாவட்டம். ஆனால் இந்த மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 29இல். 2011 மக்கள்தொகைக் கணக்கில் மாமல்லபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. 1997 நடுவில் பிரிவதற்கு முன்னால் அது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். பட்டாவோ பள்ளிக்கூட விவரமோ தேடுகிறவர், எந்த ஆண்டுத் தாள் வேண்டுமோ அந்த ஆண்டின் மாவட்டப் பெயரைப் போட வேண்டும். இது கணினிப் பாடத்தில் வராது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த உங்களுக்குத்தான் தெரியும். உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் நிபுணரைக் காட்டிலும் இந்த ஊரைத் தேடுவதில் உங்கள் கை ஓங்கியிருப்பது இந்த அறிவினால்தான்.

தமிழில் தேடுவதில் நமக்கென்று சில சிக்கல்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் வாக்கியத்தில் எங்கே வந்தாலும் அப்படியே நிற்கும். நம் மொழியில் மாமல்லபுரம் என்பது மாமல்லபுரத்தில், மாமல்லபுரத்து, மாமல்லபுரத்துக்கு என்று உருமாறிக்கொண்டே போகும். மேற்கோளுக்குள் ‘மாமல்லபுரம்’ என்று பூட்டிவிட்டால் ‘மாமல்லபுரத்தில்’ என்று எழுதியவர் வெளியே நிற்பார். அதனால் தமிழில் மேற்கோள் போடும்போது அகராதிச் சொல்லைப் போடாமல், எழுதுகிறவர் வாக்கியத்தில் எப்படி எழுதியிருப்பார் என்று யோசித்து அந்த வடிவத்தைப் போடுங்கள். கோயில் என்பார் ஒருவர், கோவில் என்பார் இன்னொருவர். கடற்கரைக் கோயில் என்று ஒற்று மிகுந்தும், மிகாமலும், சேர்த்தும், பிரித்தும் எழுதுகிறார்கள். சாளுவன்குப்பம், சாளுவங்குப்பம், சாலுவன்குப்பம் என்று மூன்று விதமாகவும் பார்த்திருக்கிறேன். ஔவையார் என்பதில் முதல் எழுத்து ஓரெழுத்து. பலர் அதை ஒகரமும் ளகரமுமாக இரண்டெழுத்தாக அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், எந்திரத்துக்கு அவர்கள் இரண்டு வெவ்வேறு கிழவிகள்.

இதைவிடப் பெரிய சிக்கல் பழைய எழுத்துருக்கள். ஒருங்குறி பரவலாவதற்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு அரசு டாம், டாப் என்ற குறியீடுகளை அறிவித்தது. ஒருங்குறியை அரசு ஏற்றது 2010இல். இடைப்பட்ட காலத்தில் உருவான பல பிடிஎஃப் கோப்புகள் திரையில் நல்ல தமிழாகத் தெரியும். அதன் அடியில் கிடப்பதோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். தமிழ்ச் சொல் போட்டுத் தேடினால் அவை அகப்படுவதில்லை. எண்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஆகவே அரசாணை தேடும்போது அதன் எண்ணையும் நாளையும் மேற்கோளில் போட்டுப் பாருங்கள். சொல் கைவிட்ட இடத்தில் எண் கைகொடுக்கும்.

அரசுத் தாள் என்றதும் இன்னொரு குறி நினைவுக்கு வருகிறது. ஆங்கிலத்தில் சைட் என்று அடித்து, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி வைத்து, ஒரு தளத்தின் முகவரியைக் கொடுத்தால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். முழு முகவரிகூட வேண்டாம். கவ் டாட் இன் என்ற வால் போதும், அரசுத் தளங்களுக்குள் மட்டும் துழாவும். அதே மாதிரி ஃபைல்டைப் என்று அடித்து முக்காற்புள்ளி வைத்து பிடிஎஃப் என்றால் அந்த வகைக் கோப்புகள் மட்டும் வரும். அறிக்கை, திட்ட வரைவு, நாடாளுமன்றக் கேள்விக்கு அமைச்சர் தந்த பதில் எல்லாம் பெரும்பாலும் அந்த வடிவில்தான் கிடக்கின்றன. கரை அரிப்புக்கு என்ன செய்தார்கள், நினைவுச்சின்னத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் வீடு கட்டத் தடை என்பவை உங்கள் கூரையையும் படகையும் தொடுகிற கேள்விகள். அவற்றுக்கான மூலத் தாளை நீங்களே எடுத்துப் படிக்க முடியும். படிக்க வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

முக்காற்புள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சீர்காழியில் 1892இல் பிறந்த ஒருவர் நினைவு வரும். எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1933இல் அவர் வெளியிட்ட நூல் பகுப்பு முறைக்கு அந்தப் புள்ளியின் பெயரையே வைத்தார், கோலன் பகுப்பு என்று. ஒரு புத்தகத்தை ஒரே ஒரு தலைப்பில் அடைக்காமல் பொருள், இடம், காலம் என்று முகம் முகமாகப் பிரித்து, அவற்றைக் குறிகளால் கோத்தார். இடத்தைத் தளத்தாலும் வடிவத்தைக் கோப்பு வகையாலும் காலத்தை நாளாலும் நாம் இன்று பிரித்துக் கேட்கும்போது, அவர் காட்டிய அந்தப் பார்வையைத்தான் பழகுகிறோம். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது நூலகத்தின் கடமை என்று 1931இலேயே விதியாக எழுதிவைத்தவர் அவர்.

காலம் என்றேன். அதற்கும் குறி உண்டு. முன், பின் என்பதற்கான ஆங்கிலச் சொல்லோடு முக்காற்புள்ளி வைத்து, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கொடுக்க வேண்டும். கூகுள் இதை 2019இல் கொண்டுவந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 11, 12 தேதிகளில் பிரதமரும் சீன அதிபரும் இங்கே சந்தித்தார்கள். 2022இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அந்த இரண்டு வெள்ளத்திலும் பழைய செய்திகள் அடியில் போய்விட்டன. 2004 டிசம்பர் 26க்குப் பின், 2005 முடிவதற்கு முன் என்று வரம்பு கட்டுங்கள். ஆழிப்பேரலை மணலை அரித்துக்கொண்டு போய்ச் சிற்பங்களை வெளியே காட்டியது, சாளுவன்குப்பத்தில் பாறைக் கல்வெட்டு ஒன்று தெரிந்தது, அங்கே தோண்டியதில் செங்கல் கட்டுமானத்தோடு முருகன் கோயில் வெளிப்பட்டது என அந்த நாட்களில் எழுதிய செய்திகள் முன்னால் வரும். இந்த நாள், பக்கம் இணையத்தில் ஏறிய நாளாகத் தேடுபொறி கணிப்பது. 1788இல் எழுதிய கட்டுரைக்கு 1800க்கு முன் என்று வரம்பு கட்டினால் ஒன்றும் கிடைக்காது.

குறிகளும் நிலையானவை அல்ல. ஒரு காலத்தில் கூட்டல் குறி ஒரு சொல்லைக் கட்டாயமாக்கியது, 2011இல் கூகுள் அதை எடுத்துவிட்டது. பக்கத்தின் சேமித்த பிரதியைக் காட்டும் வசதி 2024இல் போயிற்று. அழிந்துபோன பக்கத்தின் முகவரி கையில் இருந்தால், இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் கொடுத்துப் பாருங்கள்.

இப்போது கேள்வி கேட்டால் பதிலையே எழுதித் தந்துவிடும் கருவிகள் வந்துவிட்டன, இந்தக் குறிகளெல்லாம் எதற்கு என்று முன்வரிசையில் ஒரு பெண் கேட்டார். நல்ல கேள்வி அம்மா. அந்தப் பதிலையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அதில் வரும் பெயரையும் ஆண்டையும் எடுத்து மேற்கோளுக்குள் வைத்து, எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். ஹேவ்லாக் யானை கட்டினார் என்று நூறு பக்கம் இருந்தால் கருவியும் அதையே சொல்லக்கூடும். அவருடைய பதவிக்காலத்தைப் போய்ப் பார்க்க வேண்டியது நாம்தான்.

கடைசியாக ஒன்று. நேற்று மாலை மீனவர் குப்பத்தில் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். கரைக்கு எதிரே கடலுக்கடியில் கிடக்கும் பாறைகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். வலை எங்கே சிக்கும், எந்தப் பாறைக்கு எந்தப் பருவத்தில் எந்த மீன் வரும் என்று சொல்லிக்கொண்டே போனார். இரவு அறைக்கு வந்து அந்தப் பெயர்களை மேற்கோளிலும் மேற்கோள் இல்லாமலும் நான்கைந்து எழுத்துக்கூட்டலிலும் தேடினேன். ஒன்றுகூட இல்லை. 2002இல் கடலாய்வு விஞ்ஞானிகள் இங்கே மூழ்கிப் பார்த்தது பற்றிய அறிக்கை கிடைத்தது, அந்தப் பெரியவர் சொன்ன பெயர்கள் கிடைக்கவில்லை. கல்பட்டறைகளிலும் இதே நிலைதான். உளிகளின் வகைக்கும், கல்லின் ஓட்டத்துக்கும், தட்டும்போது எழும் ஓசைக்கும் சிற்பிகளிடம் இருக்கும் சொற்களில் எத்தனை எழுத்தில் ஏறியிருக்கின்றன?

எழுதாத ஒன்றை எந்தக் குறி போட்டும் எடுக்க முடியாது. அதனால் மாணவர்களிடம் ஒரு வேலை ஒப்படைத்துவிட்டுப் போகிறேன். அடுத்த மாதம் நான் வரும்போது ஆளுக்குப் பத்துச் சொல் கொண்டுவாருங்கள். அப்பாவிடமோ, தாத்தாவிடமோ, பட்டறையில் மூத்தவரிடமோ கேட்டது. சொல், பொருள், சொன்னவருடைய தொழில், கேட்ட தேதி. ஊர்ப் பெயர் எழுதும் இடத்தில் மாமல்லபுரம், மகாபலிபுரம், கடல்மல்லை மூன்றையும் எழுதுங்கள். தட்டச்சு செய்து ஏற்றும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். பாறைப் பெயர்களில் முதல் ஆறு என் குறிப்பேட்டில் இருக்கின்றன. பெரியவர் நாளைக் காலை கரைக்கு வந்ததும் மீதியைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.